நீல மாத்திரையும் டிகிரி காபியும்

கேள்வி: அரசுப் பள்ளியில் ஏழாவது படிக்கும் என் மகளுக்கு, அங்கே வாராவாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரை குமட்டுகிறது. மலமும் கருப்பாகப் போகிறதாம். நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய், திருவிடைமருதூர்

நிறுத்த வேண்டாம் அம்மா. உடம்பு எடுத்துக்கொள்ளாமல் விட்ட இரும்புதான் கருப்பாகப் போகிறது, பயமில்லை. குமட்டல் பெரும்பாலும் வெறும் வயிற்றின் வேலை. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுக்க விரிந்தது. ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு சரி. உங்கள் மகள் ஒரு டம்ளர் காபியோடு பஸ் ஏறுகிறாளா, பாருங்கள். கும்பகோணம் பக்கத்துக்காரர்களிடம் காபியைக் குறைசொல்ல எனக்கே பயம்தான். ஆனாலும் இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுப்பதில் அது கெட்டிக்காரி. இரண்டு இட்லி, இல்லையென்றால் பழைய சோறும் சின்ன வெங்காயமும் உள்ளே போகட்டும். டிபன் பாக்ஸில் ஒரு நெல்லிக்காய் வையுங்கள், இரும்பு நன்றாக ஏறும்.

மதியம் சாப்பிட்ட பிறகே மாத்திரை கொடுக்கும்படி வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். அப்படியும் வாந்தி தொடர்ந்தால் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் இந்த மாத்திரை நேரத்தையும் பேசிவிடுங்கள். உங்கள் மகள் ஒருத்திக்கு மட்டுமா குமட்டியிருக்கும்?