எலக்ட்ரானிக் தராசு தடுமாறினால் முதலில் எங்கே பார்ப்பது?

வணிக நண்பர்களே, எலக்ட்ரானிக் தராசு மூட்டைக்கு 200 கிராம் கூட்டிக் காட்டினால் வாங்குபவருக்கு நஷ்டம், நம் பெயருக்கும் கேடு. குறைத்துக் காட்டினால் நஷ்டம் நமக்கு. உடனே மெக்கானிக்கை அழைக்கிறோம். அவர் "லோடு செல் போய்விட்டது" என்கிறார். பல சமயம் போயிருப்பது லோடு செல் அல்ல, அதற்குப் போகும் வயர்தான்.

காரணம் எளிது. டிஸ்ப்ளே பெட்டியிலிருந்து மேடைக்குப் போகும் கேபிளில் பெரும்பாலும் நான்கு வயர்கள் உண்டு. இரண்டு, லோடு செல்லுக்கு மின்சாரம் கொண்டுபோகும். பொதுவாக 5 வோல்ட். மற்ற இரண்டும் எடையைச் சிக்னலாகத் திருப்பிக் கொண்டுவரும். சாதாரண லோடு செல்லில் இந்தச் சிக்னல் முழு எடைக்கே 10 மில்லிவோல்ட்தான். 100 கிலோ செல்லில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிவோல்ட். அதனால்தான் ப்ளக்கில் கொஞ்சம் பச்சைக் களிம்பும், வயரில் ஓர் எலிக்கடியும் கிலோக்கணக்கில் விளையாடுகின்றன.

முதலில் பேட்டரி. 6 வோல்ட் பேட்டரி முழுச் சார்ஜில் 6.3, 6.4 காட்ட வேண்டும்.

அடுத்து, முத்திரையிட்ட 20 கிலோ படிக்கல்லை மேடை நடுவில் வைத்து, கேபிளை மெல்ல அசையுங்கள். ப்ளக் அருகே, கம்பத்தின் வளைவில், மேடைக்குள் நுழையும் இடத்தில் என மூன்று இடங்களில் பாருங்கள். எங்கே எண் குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு. எண் குதிக்காமல், நான்கு மூலைக்கும் நான்கு எடை காட்டினால் வயரைச் சந்தேகிக்க வேண்டாம். மேடைக்கு அடியில் கல்லோ சாக்குத் துணுக்கோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் மார்க்கெட்டில் ஒரு பருப்புக் கடையில் லோடு செல்லையே மாற்றச் சொன்னார்கள். கம்பத்தைத் திருப்பும்போது மட்டும் எண் ஓடுவதைக் கணக்குப்பிள்ளை கவனித்துச் சொன்னார். லைசென்ஸ் உள்ள வேறொரு மெக்கானிக் வந்து வளைவில் அறுந்திருந்த ஒரு வயரைப் பற்றவைத்தார். செல் இன்றும் அதேதான்.

மல்டிமீட்டர் பழகியவர்கள் இன்னும் ஒரு படி போகலாம். ஆனால் ப்ளக் முத்திரைக்கு வெளியே இருந்தால் மட்டும். தராசை அணைத்து ப்ளக்கைக் கழற்றி, கேபிள் பக்கம் ஓம் பாருங்கள். மின்சார ஜோடியில் சுமார் 400, சிக்னல் ஜோடியில் 350 வருவது ஒற்றைச் செல்லுக்கு வழக்கம். எந்த வயருக்கும் மேடை இரும்புக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. இருந்தால் ஈரம் அல்லது உரசல். பிறகு தராசைப் போட்டு, பெட்டிப் பக்கம் 5 வோல்ட் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் கோளாறு பெட்டியில். வந்தும் கேபிள் பக்கம் ஓம் வராவிட்டால், கேபிள் அல்லது செல். சிவப்பு, கறுப்பு மின்சாரத்துக்கு என்பது பலர் வழக்கம். எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தாது. தராசோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள்.

ஈயமும் கம்பியும் வைத்து முத்திரையிட்ட மூடியை நாம் தொடக் கூடாது. மேடையின் ஜங்ஷன் பாக்ஸும் அப்படியே. 2009-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டப்படி பழுது பார்க்க லைசென்ஸ் வேண்டும். அவர் முத்திரையை உடைத்துச் சரிசெய்தால், தொழிலாளர் துறை முத்திரை ஆய்வாளரிடம் மறு முத்திரை பெற்ற பிறகே தராசைக் கடையில் வைக்கலாம். 12 மாத முத்திரை இன்னும் முடியவில்லையே என்பது அங்கே செல்லாது.