கூத்துடுப்புத் தைக்கப் படிப்போம்



1990 இலும் 1995 இலும், பின்னர் 2008, 2009 ஆகிய ஆண்டுகளிலும் ஊரைவிட்டுக் கிளம்பியபோது கையில் எதை எடுத்தோம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காணி உறுதி, அடையாள அட்டை, பிள்ளைகள், முடிந்தால் ஒரு பை அரிசி. கூத்துப் பெட்டியை யார் தூக்குவது? பிறகு கூத்தாட நினைத்தபோது அண்ணாவியாரின் நெஞ்சில் பாட்டு இருந்தது, மத்தளமும் எங்கோ கிடைத்தது, உடுப்புத்தான் இல்லை. வாடகைக்கு வருகிற உடுப்பில் நம்முடைய ராசா சினிமா ராசாவாக வந்து நிற்கிறார். ஆகவே மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் அரசன் உடுத்தும் கரப்புடுப்பைத் தைக்க இம்முறை படிப்போம். தையல் மெசின் இல்லாதவர்கள் கையாலும் தைக்கலாம்.

மீன்பிடிக்கும் கரப்பை அறிந்தவர்களுக்கு இதன் வடிவத்தை விளக்க வேண்டியதில்லை. மேலே ஒடுங்கி, கீழே விரிந்திருக்கும். உள்ளே வளையங்கள் இருப்பதால் துணி காலோடு ஒட்டாது. வடமோடி ஆட்டம் வேகமானது. ஆடுகிறவர் சுழலும்போது கால் தடையின்றிப் போகவேண்டும், சதங்கை தெரியவேண்டும்.

இதை நான் பிழைவிட்டுத்தான் கற்றேன். முகாமில் தையல் பழகிய தாய்மாரோடு சேர்ந்து முதலாவது உடுப்பைத் தைத்தோம். வாலிபனை நிமிர்ந்து நிற்கவைத்து ஒழுங்காக அளந்தோம், பார்வைக்கும் அழகாயிருந்தது. ஒத்திகையில் அவன் காலை அகட்டி ஒரு சுற்றுச் சுற்றினான். விளிம்பு சதங்கையில் மாட்டி ஒரு முழம் கிழிந்துபோயிற்று. அண்ணாவியார் சிரிக்கவில்லை. "சுவாமி, நிக்கிறவனுக்கெல்லோ தச்சிருக்கிறீங்க. இவன் ஆடப்போறவன்" என்றார்.

ஆகவே அளவெடுப்பதே இந்தப் பாடத்தின் பெரும்பகுதி. ஆடுகிறவர் கால்களை அகட்டி, முழங்காலை மடித்து, ஆட்டத்தில் நிற்பதுபோல நிற்கட்டும். சதங்கையும் கட்டியிருக்கட்டும். இடுப்பிலிருந்து, சதங்கைக்கு நாலு விரல் மேலேவரை அளவுங்கள். அதுவே உடுப்பின் நீளம். நிமிர்ந்து நின்றால் சற்றுக் கட்டையாகத் தெரியும், பரவாயில்லை. இடுப்பளவை மூச்சை நன்றாக இழுத்தபின் எடுங்கள், ஏனெனில் அவர் பாடவும் வேண்டும். ஒரு முழங்காலின் வெளிப்பக்கத்திலிருந்து மறு முழங்காலின் வெளிப்பக்கம்வரை எவ்வளவு என்றும் பாருங்கள். அது 24 அங்குலமானால், கீழ் வளையத்தின் குறுக்களவு 28 அங்குலம் இருக்கட்டும்.

வளையத்தின் சுற்றளவைக் காணக் குறுக்களவை 22 ஆல் பெருக்கி 7 ஆல் பிரியுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுத்தால் செய்துதரும். 14, 21, 28 அங்குலக் குறுக்களவுள்ள மூன்று வளையங்களுக்கு 44, 66, 88 அங்குலம் வரும். நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிய ஒவ்வொன்றுக்கும் 6 அங்குலம் கூட்டிப் பிரம்பை வெட்டுங்கள். சுண்டுவிரலிலும் மெல்லிய பிரம்பு போதும். ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு வளையுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். ஒருமுறை நெளிந்தால் நெளிந்தபடியே நிற்கும், துணியையும் அறுக்கும்.

துணிக்கு ஒரு பழைய ஆறு யார்ச் சேலை தாராளம். வெல்வெட் பகட்டாயிருக்கும், ஆனால் விடியவிடிய ஆடுகிறவரின் வியர்வையைக் கேட்டுப் பாருங்கள். நீளம் 24 அங்குலமென்றால், மடிப்புக்கு 3 சேர்த்து 27 அங்குல உயரமும் 99 அங்குல அகலமுமாக ஒரு துண்டு வெட்டுங்கள். 88 அங்குல வளையத்துக்குப் போக மிகுதி 11 அங்குலம் மூட்டுக்கும் தளர்வுக்கும். இரு பக்கத்தையும் மூட்டும்போது பின்புறம் இடுப்பிலிருந்து 7 அங்குலம் திறந்தே இருக்கட்டும், இல்லாவிட்டால் உடுத்த முடியாது. மேல் விளிம்பைச் சுருக்கி இடுப்புப் பட்டியில் பொருத்துங்கள். 30 அங்குல இடுப்புக்குத் தளர்வு 2, மேற்படிவு 3 சேர்த்துப் பட்டி 35 அங்குலம். மீதிச் சேலையில் ஒன்றரை அங்குலப் பட்டிகள் வெட்டி, இடுப்பிலிருந்து 8 ஆம், 16 ஆம் அங்குலங்களில் உட்புறம் தையுங்கள். கீழ் வளையத்துக்கு அடிமடிப்பே போதும். ஒவ்வொன்றிலும் சிறு வாய் விட்டுப் பிரம்பைச் செலுத்தி, நுனிகளை நூலால் கட்டித் துணி சுற்றுங்கள். சுற்றாத நுனி தொடையைக் குத்தும்.

அலங்காரத்தில் ஒரு சங்கதி. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களில் பேராதனையில் 'கர்ணன் போர்' முதலிய கூத்துக்களைச் சுருக்கி மின்னொளி மேடைக்குக் கொண்டுவந்தார். அத்தகைய மேடையில் சனம் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். நம்முடைய வட்டக்களரியிலோ சுற்றிவரச் சனம். முன்னுக்குக் கண்ணாடித் துண்டும் சரிகையும் ஒட்டிப் பின்புறத்தை வெறுமையாக விட்டால், ஊரில் பாதிப்பேர் வெறுந்துணியைத்தான் பார்ப்பார்கள். உங்களிடம் இருப்பது பத்துக் கண்ணாடித் துண்டென்றால் முன்னுக்கு ஐந்து, பின்னுக்கு ஐந்து.

உடுப்பு முடிந்ததும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அந்த அளவுகளைப் பிரௌண் பேப்பரில் வெட்டி, எந்தத் துண்டு எங்கே பொருந்தும், எத்தனை அங்குலம் என்று அதன்மேலேயே எழுதுங்கள். மூன்று வளையங்களின் அளவுக்கும் மூன்று நூல்களை முடிச்சிட்டு உள்ளே வையுங்கள். மடித்தால் ஒரு கொப்பியளவுதான் வரும். பெட்டியில் வைக்கவேண்டாம். காணி உறுதி இருக்கிற பையில் வையுங்கள்.