நீறு பூத்த நெருப்பு

கேள்வி: அயர்லாந்தின் பழைய பண்ணை வீடுகளில் அடுப்பு நெருப்பைத் தலைமுறைகளாக அணையவிடாமல் காத்தார்கள் என்று படித்தேன். உண்மையா? மே முதல் தேதி அக்கம்பக்கத்துக்குத் தணல்கூடத் தர மாட்டார்களாமே, ஏன்?

பதில்: உண்மைதான். விறகுக்கு மரம் அரிதான மேற்கு அயர்லாந்தில் எரிபொருள் ‘பீட்’ எனும் கரிமண். சதுப்பு நிலத்தில் செடிகொடிகள் மட்கி இறுகிய இதைக் கட்டி கட்டியாக வெட்டி, காற்றில் உலர்த்தி, வீட்டோரம் போராக அடுக்குவார்கள். இது மெல்லக் கனன்றுகொண்டே இருக்கும். இரவில் வீட்டுப் பெண்மணி தணலைக் கூட்டிச் சாம்பலால் மூடி, மரியாளையும் புனித பிரிஜிட்டையும் வேண்டிக்கொண்டு படுக்கப் போவார். விடிந்ததும் சாம்பலை விலக்கி, புதுக் கட்டி வைத்து ஊதினால் பற்றிக்கொள்ளும். தீக்குச்சி இல்லாத காலத்தில் இது எவ்வளவு பெரிய நிம்மதி!

வீட்டின் உயிரே அந்த அடுப்புதான். மேலே இரும்புக் கொக்கியில் பானை தொங்கும். ரொட்டி சுடும் இரும்புச் சட்டியின் மூடிமேலும் தணலை அள்ளிப் போடுவார்கள். தனிக்குடித்தனம் போகும் பிள்ளை பெற்றோர் வீட்டுத் தணலைக் கொண்டுபோய்ப் புது அடுப்பை மூட்டுவதுண்டு. குத்தகை பாக்கிக்காகக் குடும்பத்தை வெளியேற்ற வந்தவர்கள் அடுப்பை அணைப்பதும் வழக்கமாக இருந்தது. அதைவிடக் கொடிய அடையாளம் அந்தக் குடும்பத்துக்கு வேறென்ன இருந்திருக்கும்?

இனி மே முதல் தேதி. அன்றுதான் அவர்கள் கணக்கில் கோடை பிறக்கிறது. பசுக்கள் புது மேய்ச்சலுக்குப் போகும், பால் பெருகும். அன்று நெருப்பு வெளியே போனால் வீட்டின் வளமும், குறிப்பாக அந்த ஆண்டின் வெண்ணெயும் கூடவே போய்விடும் என்று அஞ்சினார்கள். பால், உப்புகூடத் தர மாட்டார்கள். அதே அச்சத்தால் மற்ற நாள்களிலும் வெண்ணெய் கடையும் நேரத்தில் யார் வந்தாலும் மத்தை ஒரு கை பிடித்துக் கடைந்துவிட்டுத்தான் போக வேண்டும். புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டு வெளியேறவும் கூடாது.

இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அயர்லாந்தின் கார்க் நகர வெண்ணெய்ச் சந்தை 19-ஆம் நூற்றாண்டில் உலகின் மிகப் பெரிய வெண்ணெய்ச் சந்தைகளுள் ஒன்று. பல குடும்பங்கள் வெண்ணெய் விற்ற காசில்தான் குத்தகை கட்டின. பாலேட்டின் சூடு சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ வெண்ணெய் சரியாகத் திரளாது. வெப்பமானி இல்லாத வீட்டில் அந்தக் காரணம் யாருக்குத் தெரியும்? தெரிந்தது இழப்பு மட்டுமே. அதனால், வளத்தைக் கொண்டுபோய்விட்டார்களோ என்று அண்டை வீட்டார் மீது சந்தேகம் விழுந்தது.

1937 முதல் 1939 வரை அயர்லாந்துப் பள்ளிப் பிள்ளைகள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு இத்தகைய வழக்கங்களை நோட்டுகளில் எழுதிவைத்தார்கள். அவை இன்று இணையத்தில் கிடைக்கின்றன, அவசியம் படியுங்கள்.