இலைக்கு முன் சாம்பார்: மின்னஞ்சல் வழங்கிகளில் சார்புநிலை

கணினித்துறை மாணவர்களுக்குப் பயன்படும்படி ஏதேனும் எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, நான் அன்றாடம் செய்யும் வேலையிலிருந்தே ஒரு பகுதியை எடுத்துக்கொண்டேன். அதைக் கற்றுக்கொள்ள நான் ஒருவரைத் தலைகுனிய வைக்க வேண்டியிருந்தது.

ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல் ஒரே கணினியை நம்பியிருந்தால், அது படுத்துவிடும் நாளில் எல்லாம் நின்றுவிடும். எனவே இரண்டு வழங்கிகளைக் கொத்தாக, அதாவது கிளஸ்டராக, இணைக்கிறோம். ஒன்று விழுந்தால் மற்றது பொறுப்பேற்கும். லினக்ஸில் இதை மேற்பார்வையிடுவது பேஸ்மேக்கர் என்னும் மென்பொருள். டிஆர்பிடி இரு கணினிகளின் வட்டுகளையும் ஒரேபடியாக வைத்திருக்கும். அவ்வட்டின்மேல் கோப்பு முறைமை. அதன்மேல் மடல்களைப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸ், பயனருக்கு எடுத்துக் கொடுக்கும் டவ்காட். இறுதியில் வெளியுலகம் அறிந்த ஐபி முகவரி. பொறுப்பு மாறும்போது இவையனைத்தும் இடம்பெயர வேண்டும்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை போட்ட பிறகே சோறு, சோற்றுக்குப் பிறகே சாம்பார். இது வரிசை விதி. இலை இந்தப் பந்தியில் கிடக்க, சாம்பார் வாளி அடுத்த பந்தியில் நின்றால் பயனில்லை. இரண்டும் ஒரே பந்தியில் இருக்க வேண்டும். இது உடனுறை விதி. பேஸ்மேக்கரில் இவை தனித்தனி விதிகள். ஒன்றை எழுதினால் மற்றது தானாக வராது. இரண்டையும் சேர்த்துத் தரும் 'குரூப்' என்ற அமைப்பும் உண்டு. 2014-இல் நான் அதைப் பயன்படுத்தாமல் ஒவ்வொரு விதியையும் கையால் எழுதினேன். கெட்டிக்காரன் என்ற நினைப்பு! உடனுறை விதிகளை எழுதி முடித்தவன், கோப்பு முறைமைக்கான வரிசை விதியை விட்டுவிட்டேன்.

சில மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் முதல் வழங்கி மின்தடையால் விழுந்தது. இரண்டாவது எழுந்தது. வட்டு தயாராக ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஆயிற்று. போஸ்ட்ஃபிக்ஸோ ஓரிரு நொடிகளில் ஓடத் தொடங்கிவிட்டது. வட்டு வந்து அமர வேண்டிய வெற்றுக் கோப்புறைக்கு முன்பொரு சோதனையின்போது எழுதும் உரிமை கொடுத்திருந்தேன். வந்த மடல்கள் அதற்குள் விழுந்தன. பிறகு வட்டு அதன்மேல் அமர்ந்து அவற்றை மூடிவிட்டது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. பதிவேட்டில் 'கொடுக்கப்பட்டது' என்றே இருந்தது.

அந்த ஒன்றரை நிமிடத்தில் வந்தவற்றுள் ஒன்று, கணக்குப் பிரிவு அக்கா ஒருவருக்கு வந்த விலைக்குறிப்பு. மடல் வரவில்லை என்றார் அவர். வந்துவிட்டது என்று பதிவேட்டைக் காட்டியவன் நான்தான். அவரே அழித்திருப்பார் என்று மேலாளர் முடிவுகட்டினார். மூன்றாம் நாள் ஐயம் எழுந்து, மூலக் கோப்பு முறைமையை 'பைண்ட் மவுண்ட்' வழியாக வேறோர் இடத்தில் இணைத்து, சேவையை நிறுத்தாமலேயே அடியில் பார்த்தேன். முப்பத்தொரு மடல்கள் கிடந்தன. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன், மேலாளரிடமும் சொன்னேன். அதற்குள் குத்தகையின் இறுதி நாள் கடந்திருந்தது.

வழங்கி அந்த ஒன்றரை நிமிடமும் செத்தே கிடந்திருந்தால் ஒரு மடலும் தொலைந்திருக்காது. பதில் கிடைக்காத மடலை அனுப்பும் வழங்கி தன்னிடமே வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். குறைந்தது 4 அல்லது 5 நாள் முயல வேண்டும் என்பது 2008-இல் வெளியான ஆர்எஃப்சி 5321 கூறும் நெறி. ஆனால் ஒருமுறை 'பெற்றுக்கொண்டேன்' என்று நம் வழங்கி சொல்லிவிட்டால் அனுப்பியவர் கடமை முடிந்தது. ஆகவேதான் இப்போதெல்லாம் ஐபி முகவரியைக் கடைசியில் எழுப்புகிறேன். போஸ்ட்ஃபிக்ஸின் வரிசைக் கோப்புறையையும் பகிர்ந்த வட்டிலேயே வைக்கிறேன். இல்லாவிடில் பெற்றுக்கொண்டும் கொடுக்கப்படாத மடல்கள் விழுந்த கணினியோடு சிக்கிக்கொள்ளும். வெற்றுக் கோப்புறையில் எவரும் எழுத முடியாதபடி, அதற்கு மாறாத்தன்மைக் குறியும் இட்டுவிடுகிறேன்.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் கட்டிவிடாதீர்கள். எக்ஸ்சேஞ்ச் 2000 கொத்தில் பாப், ஐமேப் போன்ற சேவைகள் மடற்களஞ்சியச் சேவையைச் சார்ந்திருந்தன. 2003 பதிப்பில் அவற்றை நேரே 'சிஸ்டம் அட்டென்டன்ட்' சேவையோடு இணைத்தார்கள். களஞ்சியத்துக்காகக் காத்திராமல் அவை எழ முடிந்தது. உண்மையான சார்பு எதுவோ அதை மட்டும் எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் ஆளில்லாத ஒரு சனிக்கிழமை பார்த்து, வெளியிலுள்ள ஒரு வழங்கியிலிருந்து நொடிக்கு ஒன்றாக எண்ணிட்ட மடல்களை அனுப்பிக்கொண்டே முதல் கணினியின் மின்கம்பியைப் பிடுங்குங்கள். தாமதமாக வருவது பிழையன்று. எல்லாம் அடங்க ஒரு மணி நேரம் விட்டு, பெட்டியில் எண்களை வரிசையாகப் பாருங்கள். விடுபட்ட எண் ஒன்று இருந்தாலும், வட்டுக்கு அடியில் தேடத் தொடங்குங்கள்.