இந்தக் கருவி நமக்கு எதற்கு?

தம்பி, தங்கைகளே, இந்த மாதப் பாடம் நம் மேசையிலும் கைப்பேசியிலும் இருக்கிற சாமான்களைப் பற்றியது. நேரத்தை மிச்சப்படுத்தும் செயலிகள், அடியை எண்ணும் கைக்கடிகாரம், ‘இதைச் செய்தால் வெற்றி’ என்று புலனத்தில் வருகிற பழக்கங்கள். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

யாராவது ஒன்றை நல்லதுன்னு சொன்னால், அது எங்கிருந்து வந்தது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். தினமும் 10,000 அடி நடக்கணும்னு எல்லாரும் சொல்றோம் இல்லையா? அந்த எண் மருத்துவர் யாரும் கணக்குப் போட்டுச் சொன்னதில்லை. தோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965-இல், ஜப்பானிய நிறுவனம் ஒன்று நடையை எண்ணும் சிறு கருவியை விற்பனைக்கு விட்டது. அதன் பெயர் ‘மான்போ-கெய்’, அதாவது பத்தாயிரம் அடி அளவி. விற்பனைக்கு வைத்த பெயர் உலகத்துக்கே விதியாகிப் போச்சு.

அதுக்காக நடை வீண் என்று அர்த்தமில்லை. 2019-இல் அமெரிக்காவில் வயதான பெண்களிடம் நடந்த ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே 5,000 அடி நடந்துவிட்டு வருகிற பாட்டியிடம், “இன்னும் பாதி பாக்கி இருக்கு”ன்னு கடிகாரத்தைக் காட்டாதீங்க.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்த கருவி: ஒரு தாள். அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சரிபார்க்க உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் 19 அம்சங்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டது. நோயாளி யார், எந்த இடத்தில் அறுக்கணும், துணிகளை எண்ணியாச்சா என்பது போன்ற சாதாரணக் கேள்விகள்தான். எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது.

இதோடு நிறுத்தினால் பாடம் பாதிதான். கனடாவின் ஒந்தாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகளில் இதே மாதிரிப் பட்டியலைக் கட்டாயமாக்கினாங்க. 2014-இல் வெளிவந்த ஆய்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை! ஏன் என்பதில் நிபுணர்களுக்குள் வாதம் உண்டு. என் கருத்து இது: ஒருவரையொருவர் பார்த்து வாய்விட்டுக் கேட்டால்தான் அந்தத் தாளுக்கு உயிர். மேலிடம் கேட்குதேன்னு கோடு போட்டால் அது வெறும் காகிதம். நம்ம முகாமுக்குப் பொருள் ஏற்றும்போதும் இப்படித்தான். பெட்டியைத் திறந்து பார்க்காமலே ‘சரி’ போடுகிறவர் கையில் பட்டியல் இருந்தும் பயனில்லை.

25 நிமிடம் படித்து 5 நிமிடம் ஓய்வெடுக்கும் ‘பொமோடோரோ’ முறையும் அதைப் போல ஆளையும் வேலையையும் பொறுத்தது. எஸ்.பி.எம். வரலாற்றுப் பாடத்தை மனனம் செய்ய உதவும். நீளமான கணக்கில் மூழ்கியிருக்கும்போது மணி அடித்தால் எரிச்சல்தான் வரும்.

இனி உங்களுக்கு வேலை. நீங்கள் பயன்படுத்துகிற ஒரு செயலியையோ பழக்கத்தையோ இரண்டு வாரம் ஒதுக்கி வைங்க. எந்த வேலை தடைப்பட்டது, எது தடைப்படவே இல்லை என்று அன்றன்றே எழுதுங்க. எல்லாத்தையும் ஒரே சமயத்தில் நிறுத்தாதீங்க, அப்புறம் எதனால் எது நடந்ததுன்னு தெரியாது. தாத்தாவுக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டுகிற மணியை மட்டும் தொடாதீங்க. அடுத்த வகுப்புக்கு அந்தத் தாளைக் கொண்டு வாங்க.