வலுவிழந்த மின் கையொப்பங்கள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)

முதல் பட்டதாரிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை நம்மில் பலர் இ-சேவை மையத்தின் வழியாகப் பெற்றிருக்கிறோம். அவற்றில் மையால் இட்ட கையெழுத்து இல்லை. மின் கையொப்பமே உள்ளது. இக்கையொப்பம் எவ்வாறு இடப்படுகிறது, எவ்வாறு வலுவிழக்கிறது என்பதைச் சுருக்கமாகக் காண்போம்.

கையொப்பமிடும் முறை

மின் கையொப்பம் ஆவணத்தின்மேல் நேரடியாக இடப்படுவதில்லை. முதலில் ஆவணம் ஒரு கணித முறையால் குறிப்பிட்ட நீளமுள்ள சுருக்க எண்ணாக மாற்றப்படுகிறது. எம்.டி.5 முறையில் இதன் நீளம் 128 பிட். ஷா-1 முறையில் 160. ஷா-256 முறையில் 256. ஒப்பமிடுபவரின் இரகசியத் திறவுகோல் இந்த எண்ணின்மேல்தான் செயல்படுகிறது. ஆகவே, இரு வேறு ஆவணங்களுக்கு ஒரே சுருக்க எண் வருமாறு ஒருவர் அமைத்துவிட்டால், மெய்யானதற்குப் பெற்ற கையொப்பத்தைப் பொய்யானதற்கு மாற்றிவிடலாம். இதனை ‘மோதல்’ என்பர்.

வீழ்ந்த வரலாறு

ரொனால்டு ரிவெஸ்ட் 1991-இல் வகுத்த எம்.டி.5 முறையில் மோதல் உண்டாக்கலாம் என்பதைச் சீனப் பெண் அறிஞர் வாங் சியாவ்யூன் குழுவினர் 2004-இல் காட்டினர். 2008-இல் ஆய்வாளர் சிலர் 200 பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவிகளை இணைத்துக் கணக்கிட்டு, சான்றிதழ் வழங்கும் நிறுவனம் போன்றே போலிச் சான்றிதழ் ஒன்றை உருவாக்கினர். 1995-இல் வெளிவந்த ஷா-1 முறையும் 2017 பிப்ரவரியில் வீழ்ந்தது. கூகுள் நிறுவனமும் ஆம்ஸ்டர்டாம் கணித ஆய்வு நிலையமும் ஒரே ஷா-1 எண்ணுடைய இரு வேறு கோப்புகளை வெளியிட்டன.

நிரல்மொழி எடுத்த முடிவு

சான்றிதழ்களைச் சரிபார்க்கும் பணியை நிரல்மொழிகளின் நூலகங்கள் செய்கின்றன. ‘கோ’ என்னும் நிரல்மொழி, 2022 மார்ச்சில் வந்த 1.18 பதிப்பிலிருந்து ஷா-1 ஒப்பமிட்ட சான்றிதழ்களை ஏற்க மறுத்தது. தமக்குத்தாமே ஒப்பமிட்ட மூலச் சான்றிதழ்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நாம் அவற்றை முன்பே நம்பிப் பட்டியலில் சேர்த்திருப்பதால், அவற்றின் ஒப்பத்தைச் சார்ந்து நம்பிக்கை அமைவதில்லை. பழைய கருவிகள் உடைய அலுவலகங்களின் வேலை திடீரென நின்றுவிடாதிருக்க, பழைய முறைக்குத் திரும்பும் வழி ஒன்றும் தற்காலிகமாக விடப்பட்டது. 2025 பிப்ரவரியில் வந்த 1.24 பதிப்பில் அவ்வழியும் அடைக்கப்பட்டது.

வேலூர்–ஆம்பூர்ப் பகுதியினருக்கு இது எளிதில் விளங்கும். பென்டாகுளோரோபீனால் என்னும் பூசணக்கொல்லியை 1989-இல் ஜெர்மனி தடை செய்ததும், இங்குத் தோல் பதனிடுவோர் மாற்று மருந்துக்கு மாற வேண்டியதாயிற்று. வாங்குபவர் மறுத்தால்தான் செய்பவர் முறையை மாற்றுகிறார். சான்றிதழிலும் சரிபார்ப்பவர் மறுத்தால்தான் பழைய முறை ஒழியும்.

நம் நாட்டில்

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் அவ்வாண்டு வகுத்த விதிகள் எம்.டி.5, ஷா-1 ஆகியவற்றையே குறிப்பிட்டன. இன்று உரிமம் பெற்ற நிறுவனங்கள் ஷா-256 முறையைக் கையாளுகின்றன. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் மின்சான்றுப் படிவத்தில் ஷா-1, ஷா-256, எம்.டி.5 மூன்றும் இடம்பெற்றுள்ளன. இதனால் பழைய சான்றுகள் எல்லாம் பொய் என்று கொள்ளலாகாது. முன்பே உள்ள ஓர் ஆவணத்தின் எம்.டி.5 எண்ணுக்கு ஒத்த மற்றோர் ஆவணத்தை நடைமுறையில் எவரும் உருவாக்கிக் காட்டியதில்லை. இரண்டையும் ஒருவரே தயாரிக்கும்போதுதான் ஆபத்து. எனினும் வலுவான முறை கையிலிருக்க, வலுவிழந்ததைப் படிவத்தில் வைத்திருப்பானேன்?

மாணவ நண்பர்களே! போலிச் சான்றிதழ் பெருகினால், முதலில் ஐயத்துக்கு ஆளாவது மெய்யான சான்றிதழைத் தவிர வேறு சிபாரிசு எதுவும் இல்லாத முதல் தலைமுறை மாணவரே. நாளை நாம் எழுதும் நிரல் வலுவிழந்த ஒப்பத்தை மறுக்கட்டும். மறுக்கும் நாளை முன்கூட்டி அறிவிக்கட்டும். அறிவித்த நாளில் தவறாது மறுக்கட்டும்.