தேடுபொறியும் வணிகர் வலைத்தளமும்

வாணிகஞ் செய்வோர் பலரும் இந்நாளில் தத்தமக்கென ஒரு வலைத்தளம் அமைத்துக்கொள்கின்றனர். அமைத்தபின், வாங்குவோர் தாமே திரண்டு வருவரென்று காத்திருக்கின்றனர். திங்கள் பல கழிந்தும் ஒருவரும் வாராமை கண்டு, வீண் செலவென்று நொந்துகொள்வாருமுளர். கடைத்தெருவிற் கடை திறந்தால் அவ்வழிச் செல்வோர் கண்ணிற் படும். வலைத்தளத்திற்கோ அத்தகைய தெரு இல்லை. ஒருவர் தமக்கு வேண்டியதைக் கூகுள் போன்ற தேடுபொறியில் வினவுங்கால், விடையாகத் தோன்றும் பட்டியலே அதற்குத் தெருவாகும். அப்பட்டியலில் இடம்பெறுமாறு தளத்தைச் செவ்வைப்படுத்தும் முறையை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம். வணிகவியல் பயிலும் நம் மாணவர்க்கும், தொழில் நடத்திவரும் பழைய மாணவர்க்கும் இது பயன்படுமென நம்புகின்றோம்.

தேடுபொறி, வினவப்பட்ட அக்கணத்தில் உலகிலுள்ள பக்கங்களையெல்லாம் புரட்டிப் பார்ப்பதன்று. ‘சிலந்தி’ எனப்படும் நிரல்கள் ஓர் இணைப்பிலிருந்து மற்றோர் இணைப்பிற்குச் சென்று, கண்ட பக்கங்களை முன்னரே படித்து வைக்கின்றன. அவ்வாறு படித்தவற்றிலிருந்து, பெருநூல்களின் இறுதியில் இன்ன சொல் இன்ன பக்கத்தில் வருகின்றதென்று காட்டும் அகராதியைப் போல்வதொன்று தொகுக்கப்படுகின்றது. வினா வந்தவுடன் நோக்கப்படுவது அவ்வகராதியே. ஆதலின், வேறெப்பக்கத்தாலும் சுட்டப்படாத பக்கம் சிலந்திக்கு அகப்படுதல் அரிது. இன்னும், தளம் அமைப்போர் பணி முடியுங்காறும் சிலந்தி வாராதிருக்கத் தடைக்குறிப்பு ஒன்று இட்டுவைப்பதுண்டு. அதனை நீக்க மறந்துவிடின் பிற முயற்சி யாவும் வீணாம். முதற்கண் ஆராய வேண்டுவது இதுவே.

ஒரே சொல்லுக்குப் பல்லாயிரம் பக்கங்கள் இருப்பின் எதனை முன்வைப்பது? ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இருவர் 1998-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி விளக்கினர். ஒரு பக்கம் மற்றொன்றைச் சுட்டுவதை அதற்குரிய சான்றாகக் கொள்ளலாம் என்பதும், பலராற் சுட்டப்பெற்ற பக்கம் தருஞ் சான்றே மிக்க மதிப்புடைத்து என்பதும் அவர் கருத்து. அவ்வாண்டே கூகுள் நிறுவனம் தோன்றிற்று. இன்று வேறு பல அளவைகள் சேர்ந்துள்ளன எனினும், சான்றின் மதிப்பு அற்றுப்போகவில்லை.

பிறர் தருஞ் சான்று வணிகர் கையில் இல்லை. சொல் அவர் கையில் உளது. திண்டுக்கல்லிற் பூட்டு விற்பார் ஒருவரைக் கருதுவோம். அவர் முகப்புப் பக்கத்திற்கு ‘நல்வரவு’ என்று தலைப்பிட்டு, ‘பாதுகாப்புத் துறையில் நிகரற்ற சேவை’ என்று எழுதி வைக்கின்றார். இச்சொற்களை இட்டுப் பூட்டுத் தேடுவார் யாவர்? ‘திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு விலை’ என்றோ, ‘கடைக் கதவுக்குப் பூட்டு’ என்றோ அன்றோ தேடுவர்! தமிழ்ச்சொல்லையே ஆங்கில எழுத்தில் இட்டுத் தேடுவாரும் உளர். ஆகவே, ஒவ்வொரு வகைப் பூட்டுக்கும் தனிப்பக்கம் வகுத்து, தலைப்பில் பொருளின் பெயரையும் ஊரின் பெயரையும் அமைத்தல் வேண்டும். அளவு, எடை, உலோகம், சாவிகளின் எண்ணிக்கை, விலை ஆகியவற்றை எழுத்தாலேயே எழுதவேண்டும். விலைப்பட்டியலைப் படமாகப் பிடித்து ஒட்டிவிடுவது சிலர் வழக்கம். படத்தினுள் இருக்கும் எழுத்தைப் பொறி பிழையறப் படித்துக்கொள்ளுமென்று நம்பியிருத்தல் கூடாது. படத்தோடு அதன் பொருளை விளக்குஞ் சிறு குறிப்பும் சேர்த்தல் நன்று. கடையின் முகவரியையும் திறக்கும் நேரத்தையும் கூகுளிற் கட்டணமின்றிப் பதியலாம். பக்கம் கைப்பேசியில் விரைந்து திறக்கவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இவ்வளவிற்குப் பொறுமையில்லாதார் சூழ்ச்சியை நாடுகின்றனர். ஒரே சொல்லை நூறுமுறை அடுக்குதல், வெண்மையான பக்கத்தில் வெண்மையான எழுத்தால் சொற்களை மறைத்து வைத்தல் முதலியன பழைய சூழ்ச்சிகள். பக்கத்தின் மறைவான குறிப்பில் திறவுச்சொற்களை நிரப்புவதும் அவ்வகையினதே. அக்குறிப்பைத் தரவரிசைக்குத் தாம் கொள்வதேயில்லை என்று கூகுள் நிறுவனத்தார் 2009-இல் வெளிப்படையாகக் கூறிவிட்டனர். எனினும், அதற்கென இன்றும் பொருள் பெறுவார் இருப்பது வியப்பே.

பொய்ச்சான்று திரட்டுதல் இவற்றினுங் கொடிது. ஜே. சி. பென்னி என்னும் அமெரிக்கப் பெருங்கடை, ஆடை, தரைவிரிப்பு முதலிய பல பொருள்களைத் தேடுவார்க்குத் திங்கள் பலவாக முதலிடத்தில் தோன்றிற்று. சற்றுந் தொடர்பற்ற தளங்கள் பலவற்றில் அக்கடையைச் சுட்டும் இணைப்புகள் செருகப்பட்டிருந்தமையை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் இதழ் வெளியிட்டது. கூகுள் நடவடிக்கை எடுத்தவுடன், பயணப்பெட்டி பற்றிய ஒரு தேடலில் முதலிடத்திலிருந்த அக்கடை, இரண்டு மணி நேரத்தில் 71-ஆம் இடத்திற்கு இறங்கிற்று. தாம் அறியாது நடந்ததென்று கூறிய நிறுவனத்தார், தம் ஆலோசகரை விலக்கினர். அறியாமை அவர்தம் இடத்தைக் காக்கவில்லை. சிறு வணிகர் இதனை ஊன்றி நோக்குவாராக. பெருங்கடைக்குப் பிற வழிகளாலும் வாங்குவோர் வருவர். ஒரே பட்டியலை நம்பியிருப்பார்க்கு அவ்வீழ்ச்சி கடையடைப்பேயாம்.

‘முதலிடம் உறுதி’ என்று கூறி முன்பணம் கேட்பாரிடம் என்ன விடை சொல்வது? அவ்வுறுதியை எவராலுந் தர இயலாதென்று கூகுள் நிறுவனமே எழுதி வைத்திருக்கின்றது. செய்த திருத்தத்தின் பயன் சில வேளை சின்னாளிலும், சில வேளை பல திங்கள் கழித்துமே தோன்றும். அதுகாறும் வணிகர், ‘சர்ச் கன்சோல்’ என்னும் இலவசக் கருவியைத் திங்களுக்கொருமுறையேனும் திறந்து, எச்சொற்களைத் தேடியபோது தம் பக்கம் காட்டப்பட்டதென்று நோக்குதல் தகும். நம் பூட்டு வணிகர் அங்கே ‘சாவி தொலைந்த பூட்டைத் திறப்பது எப்படி’ என்னும் வினாவைக் காணவுங்கூடும். அவ்வினாவுக்கு அவர் தளத்தில் ஒரு வரியும் இல்லையெனில், அடுத்து எழுத வேண்டிய பக்கம் அதுவே.